மைஸிரும் ‘திறமை’ என்னும் வாதமும்

சென்னை–திருச்சி நெடுஞ்சாலையிலிருந்து சேலம் சாலை பிரியும் ஊர் உளுந்தூர்பேட்டை. ஐ.பி.எல். ஆட்டங்கள் நடைபெறும் மாதங்களில் அங்குள்ள தேநீர்க் கடைகளில் இருவகை மனிதரைக் காணலாம். ஆட்டத்தைப் பார்ப்பவர் ஆரவாரிப்பார். பணம் கட்டியவரோ வாய் திறவாமல் கைப்பேசியையே உற்று நோக்கிக் கொண்டிருப்பார். நம்மிடம் ஓதிய மாணவர் ஒருவர், இரண்டாம் வகையினர், ஓரிரவு இஷாத் தொழுகைக்குப் பின் பள்ளிவாசலில் நம்மை அணுகிக் கேட்டார்: “ஹஜ்ரத், எந்தப் பந்துவீச்சாளர் எந்த மைதானத்தில் எப்படி வீசுவார் என்பது எனக்குத் தெரியும். தெரிந்து கட்டுகிற பணமும் மைஸிர்தானா?”

விடை ஒரே சொல்லில் அடங்கும். ஆனால், அவர் எடுத்துவைத்த வாதம் நெடிய வரலாறு உடையது.

‘மைஸிர்’ என்பதை ‘எளிமை’ எனப் பொருள்படும் ‘யுஸ்ர்’ என்னும் சொல்லோடு இணைப்பர் மொழிநூலார் பலர். உழைப்பின்றி எளிதாய் வரும் பொருள் என்பது கருத்து. ஜாஹிலிய்யா காலத்தில் அது ஒட்டக இறைச்சியை வைத்து ஆடப்பெற்றது. ஒட்டகத்தைக் கடனுக்கு வாங்கி அறுத்துப் பங்கு வைப்பர். அம்புகள் பத்து. ஏழு அம்புகளுக்கு ஒன்று முதல் ஏழு வரை பங்கு உண்டு. எஞ்சிய மூன்றும் வெற்றம்புகள். வென்றவர் இறைச்சியைத் தாம் உண்ணாமல் ஏழைகளுக்கு வழங்கிப் பெருமை கொள்வர். தோற்றவர் தலையில் ஒட்டகத்தின் விலை விழும். இவ்வாட்டத்தில் சேராதவனுக்குப் ‘பரம்’ என்றொரு வசைப்பெயர் இருந்தது. கஞ்சன் என்பது போன்ற ஏளனம். ஒதுங்கி நிற்பவனைக் கோழையென்று நகைக்கும் நண்பர் கூட்டம் இன்றைக்கு மட்டும் உரியதன்று போலும்!

இத்தனை ஈகைக்கு இடமிருந்தும் திருமறை அதனை விலக்கியது. அதில் மக்களுக்குச் சில பயன்கள் உண்டென்பதை ‘அல்பகரா’ அத்தியாயம் மறுக்கவில்லை. தீமையே மிகுதி என்கிறது. ‘அல்மாயிதா’ அத்தியாயம் மதுவோடு அதனைச் சேர்த்துத் தடுக்கிறது. அதனால் விளையும் பகைமையையும் தொழுகை மறப்பையும் காரணமாகக் காட்டுகிறது. அந்தப் பகைமை எங்ஙனம் விளைந்தது என்பதற்கு பஸராவின் பேரறிஞர் கத்தாதா தந்த விளக்கத்தை இமாம் தபரீ தம் தப்ஸீரில் பதிந்துள்ளார். ஒருவன் தன் பொருளையும் குடும்பத்தையும் பணயம் வைத்து இழந்துவிட்டு, தன்னுடைமை பிறன் கையில் இருப்பதைப் பார்த்தபடி துயரோடு உட்கார்ந்திருப்பானாம். அந்தப் பார்வையிலிருந்தே பகை பிறந்ததாம். கத்தாதா பார்வையற்றவர். ஆயினும் அக்காட்சியை அவரளவு கண்டு சொன்னவர் எவருளர்?

அபூபக்கர் (ரலி) அவர்களே பந்தயம் கட்டவில்லையா என்று கேட்போரும் உளர். பாரசீகரிடம் தோற்ற ரோமர் சில ஆண்டுகளில் வெல்வர் என ‘அர்ரூம்’ அத்தியாயம் அருளப்பெற்றபோது, குறைஷியரில் ஒருவரோடு அவர்கள் ஒட்டகங்களைப் பணயம் வைத்தது உண்மையே. ஆனால், அது தடை வருவதற்கு முன் நிகழ்ந்தது என விரிவுரையாளர்கள் தெளிவுறுத்துகின்றனர். குதிரைப் பந்தயத்தை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நடத்தியதும் உண்மை. குதிரை, ஒட்டகம், அம்பெய்தல் ஆகியவற்றில் வென்றவருக்குப் பரிசளிக்க ஃபிக்ஹ் நூல்கள் இடமளிக்கின்றன. பரிசை ஆட்சியாளரோ வேறொருவரோ தரலாம். போட்டியாளரில் ஒருவர் மட்டும் தரலாம். இருவரும் பணம் வைத்துத் தோற்றவர் இழப்பதென்றால் அது ‘கிமார்’, அதாவது சூது. பணம் வைக்காத மூன்றாமவர் ஒருவரும் போட்டியில் இறங்கினாலன்றி அதற்கு அனுமதியில்லை. ஆக, பரிசு ஓடுபவனுக்கும் எய்பவனுக்கும் உரியது. வேலிக்கு வெளியே நின்று பார்ப்பவனுக்கு அதில் இடமில்லை.

நம் நாட்டிலோ வழக்கு, வேலிக்கு வெளியே நின்றவனைப் பற்றியே எழுந்தது. கிண்டியில் கம்பெனி காலந்தொட்டுக் குதிரைகள் ஓடின; மெட்ராஸ் ரேஸ் கிளப் 1896இல் அமைந்தது. கலைஞர் மு. கருணாநிதி முதலமைச்சராயிருந்த 1974இல் குதிரைப் பந்தய ஒழிப்புச் சட்டம் இயற்றப்பட்டது. எம்.ஜி.ஆர். ஆட்சியில், 1986இல், அந்தக் கிளப்பையே அரசு கையகப்படுத்தும் சட்டம் வந்தது. வழக்கு நெடுங்காலம் நடந்து, 1996 ஜனவரி 12இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது: குதிரையின் பயிற்சியும் ஓட்டுபவரின் ஆற்றலும் மேலோங்குவதால் குதிரைப் பந்தயம் திறமை விளையாட்டு, அதன்மீது பணம் கட்டுவது சட்டப்படி சூதாட்டம் ஆகாது. குதிரைக்கும் ஓட்டுபவருக்கும் திறமை உண்டென்பதில் நமக்கு ஐயமில்லை. சீட்டு வாங்கியவனுக்கு அத்திறமை எவ்வழியே வந்து சேர்ந்தது என்பதே நம் ஐயம்.

கிரிக்கெட் சூதை அத்தீர்ப்பு அனுமதிக்கவில்லை. ஆயினும் ‘திறமை’ என்ற அச்சொல் கைப்பேசி விளையாட்டு நிறுவனங்களுக்குக் கேடயமாயிற்று. இணையவழிப் பணயத்தைத் தடுக்கத் தமிழ்நாடு 2021இல் செய்த திருத்தத்தை அவ்வாண்டு ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. பின்னர் நீதிபதி கே. சந்துரு குழுவின் பரிந்துரையையொட்டி 2022இல் புதுச் சட்டம் பிறந்தது. 2023 நவம்பரில் ரம்மியும் போக்கரும் அதன் தடையிலிருந்து விலக்குப் பெற்றன. இறுதியில், 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம், திறமையோ அதிர்ஷ்டமோ எதுவாயினும் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டு அனைத்தையும் தடுத்தது. திறமை வாதம் ஏட்டளவில் அங்கே முடிந்தது. ஆனால், மறைவாக நடக்கும் பந்தயம் ஏடுகளைப் படிப்பதில்லையே!

மாணவரிடம் ஒரு கணக்கைப் போட்டுக் காட்டினோம். இரு அணிகளும் சமவலி உடையவை எனக் கொள்வோம். 100 ரூபாய் கட்டி வென்றால் பந்தயக்காரர் தருவது 190 ரூபாய் என்றிருக்கட்டும். பத்துமுறை கட்டி ஐந்தில் வென்றால் போட்டது 1000, திரும்பியது 950. பாதி வென்றும் நட்டம். ஆட்ட அறிவு இந்த இடைவெளியை அடைக்காதா என்றார். அந்த அறிவு பந்தயக்காரருக்கும் உண்டு. அதைக் கொண்டுதான் அவர் விலையே வைக்கிறார். அன்றியும் 2015இல் சென்னை, ராஜஸ்தான் அணிகள் ஈராண்டுக்கு விலக்கி வைக்கப்பட்டது, நிர்வாகத்தைச் சார்ந்தோரே பந்தயம் கட்டியதால் அன்றோ? ஆட்டத்தின் உள்ளே இருப்பவரும் பணம் கட்டுகிற சந்தையில் வெளியூர் ரசிகனின் அறிவு எம்மட்டு?

அவர் மறுமொழி கூறவில்லை. விட்டதைப் பிடிக்கவே மேலும் மேலும் கட்டியதாகப் பிறகு சொன்னார். முதலில் சம்பளம் போயிற்று, அடுத்து மோட்டார் சைக்கிள், அதன்பின் கைமாற்று. கடைசியில்தான் மனைவியின் நகை. சட்டைப் பையிலிருந்து அடகுச் சீட்டுகளை எடுத்துப் பாயின்மீது ஒவ்வொன்றாக வைத்தார். ஐந்து சீட்டுகள். அவற்றுள் ஒன்று, அவருடைய மாமியார் தம் மகளுக்குப் போட்டு அனுப்பிய வளையல். மீட்கும் கெடு அடுத்த வெள்ளிக்கிழமை.

“வீட்டில் தெரியுமா?” என்றோம்.

“பீரோவில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறாள், ஹஜ்ரத்.”

அவரை அழைத்துக்கொண்டு அவருடைய வீட்டுக்கு நடந்தோம்.