இருசக்கர வாகன சைலன்சர் இரைச்சல்: நோயாளிகளும் பராமரிப்பாளர்களும் அறிய வேண்டியவை

இருசக்கர வாகனத்தின் எஞ்சினிலிருந்து வெளியேறும் புகையின் ஓசையைத் தணிக்கும் கருவியே சைலன்சர். இதனை அகற்றினாலோ, துளையிட்டாலோ, அதிக ஒலி எழுப்பும் வேறொன்றை மாற்றிப் பொருத்தினாலோ ஏற்படும் இரைச்சல் உடல்நலத்தைப் பாதிக்கிறது. அது சட்டப்படி குற்றமும் ஆகும். தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, அரூர், பென்னாகரம், பாலக்கோடு அரசு மருத்துவமனைகளுக்கோ நோயாளியை அழைத்து வருபவர்களும், சாலையோர வீடுகளில் நோயாளியைப் பராமரிப்பவர்களும் இதனை அறிந்திருத்தல் அவசியம். அந்த இரைச்சல் சில வேளைகளில் நம் வீட்டு வாகனத்திலிருந்தே எழக்கூடும்.

இரைச்சல் உடலில் என்ன செய்கிறது?

திடீரென எழும் பேரொலியை உடல் ஆபத்தின் அறிகுறியாகக் கொள்கிறது. அட்ரினலின், கார்டிசால் ஆகிய ஹார்மோன்கள் சுரந்து, இதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும் உயர்கின்றன. இரைச்சலுக்குப் பழகிவிட்டோம் என்று பலர் கருதுவர். ஆயினும், தூக்கம் கலையாதபோதும் உடல் அவ்வொலிக்கு எதிர்வினை புரிகிறது. நீண்டகாலப் போக்குவரத்து இரைச்சல் இதய நோய்க்கான அபாயத்தைக் கூட்டுகிறது. உலக சுகாதார நிறுவனம் ஐரோப்பாவுக்காக 2018-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், இரவு நேரச் சாலை இரைச்சல் 45 டெசிபலுக்குள் இருக்க வேண்டும் எனப் பரிந்துரைத்துள்ளது.

வாகனம் ஓட்டுபவரின் காதும் பாதிப்புக்குள்ளாகிறது. ஒலி 3 டெசிபல் கூடினால் அதன் ஆற்றல் ஏறத்தாழ இரு மடங்காகிறது. 85 டெசிபல் ஒலியில் 8 மணி நேரமும், 100 டெசிபலில் 15 நிமிடமுமே ஒரு நாளின் பாதுகாப்பு வரம்பாகக் கருதப்படுகின்றன. உட்செவியின் நுண் உணர்செல்கள் அழிந்தால் மீண்டும் வளர்வதில்லை.

யாருக்குக் கூடுதல் கவனம் தேவை?

* இதய நோய், உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்கள்
* பக்கவாதத்திலிருந்தும் அறுவை சிகிச்சையிலிருந்தும் மீண்டு வருபவர்கள்
* பச்சிளங்குழந்தைகள்
* ஒற்றைத் தலைவலி, மனநலப் பாதிப்பு, மறதி நோய் உள்ளவர்கள்
* காது கேட்கும் கருவி அணிந்திருப்பவர்கள்

சட்டம் என்ன கூறுகிறது?

மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-இன் 120-ஆம் விதிப்படி ஒவ்வொரு மோட்டார் வாகனத்திலும் சைலன்சர் இருக்க வேண்டும். தயாரிப்பு நிலையில் இருசக்கர வாகனத்தின் ஒலி, 80 சிசி வரை 75 டெசிபல், 80 முதல் 175 சிசி வரை 77 டெசிபல், அதற்கு மேல் 80 டெசிபல் என்ற வரம்பைத் தாண்டக்கூடாது.

ஒலி மாசு விதிகள், 2000-இன்படி மருத்துவமனையைச் சுற்றிக் குறைந்தது 100 மீட்டர் பகுதியை அமைதி மண்டலமாக அரசு அறிவிக்கலாம். அங்குச் சராசரி ஒலி அளவு பகலில் 50, இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 40 டெசிபலுக்குள் இருக்க வேண்டும்.

மோட்டார் வாகனச் சட்டம், 1988 (2019-ஆம் ஆண்டுத் திருத்தத்துடன்) பின்வரும் தண்டனைகளை விதிக்கிறது:

* பிரிவு 190(2): ஒலி, காற்று மாசுத் தரநிலைகளை மீறினால், முதல் முறை 3 மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும், 3 மாதம் ஓட்டுநர் உரிமத் தகுதியிழப்பும் உண்டு.
* பிரிவு 182ஏ(4): அனுமதியின்றி வாகனத்தை மாற்றியமைக்கும் உரிமையாளருக்கு 6 மாதம் வரை சிறை அல்லது ஒவ்வொரு மாற்றத்திற்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டும்.
* பிரிவு 194எஃப்: தேவையின்றி ஹாரன் ஒலித்தாலோ, புகை சைலன்சர் வழியாக அன்றி வெளியேறும்படி ஓட்டினாலோ, முதல் முறை 1,000 ரூபாயும், மறுமுறை 2,000 ரூபாயும் அபராதம்.

பிரிவு 190(2) வாகனத்தை ஓட்டுபவருக்கு மட்டுமன்றி, அதனை ஓட்ட அனுமதிப்பவருக்கும் பொருந்தும். ஆகவே பிள்ளைகளிடம் வாகனத்தைத் தரும் பெற்றோரும் பொறுப்பாளர்களே.

பிறருக்குத் தொல்லை தரும் இரைச்சலை எழுப்புவது எவருடைய அடிப்படை உரிமையும் ஆகாது என்பதை உச்ச நீதிமன்றம் 2005 ஜூலை 18 அன்று வழங்கிய தீர்ப்பில் தெளிவுபடுத்தியுள்ளது.

வாகனம் ஓட்டுபவரின் கடமைகள்

* நிறுவனம் பொருத்திய சைலன்சரை மாற்றாதீர்கள். புதிய வாகனங்களில் நச்சுப்புகையைக் குறைக்கும் வினையூக்கிக் கருவியும் புகைக்குழாயிலேயே உள்ளது. அதனை அகற்றினால், இரைச்சலுடன் நச்சுப்புகையும் கூடும்.
* பழைய வாகனத்தின் சைலன்சர் துருப்பிடித்து ஓட்டை விழுந்திருந்தால் உடனே சரிசெய்யுங்கள்.
* “சத்தம் கேட்டால் பிறர் விலகுவர்” என்ற எண்ணம் பாதுகாப்பானதன்று. ஓசை பெரும்பாலும் பின்புறமே செல்கிறது. அந்த இரைச்சலில் ஆம்புலன்ஸின் ஒலி உங்களுக்கே கேட்காமல் போகலாம்.
* மருத்துவமனை வளாகத்தில் ஆக்சிலரேட்டரை முறுக்காதீர்கள். நிறுத்தியவுடன் எஞ்சினை அணைத்துவிடுங்கள்.

பராமரிப்பாளர்கள் செய்யக்கூடியவை

நோயாளியின் படுக்கையைச் சாலையை ஒட்டிய அறையிலிருந்து உட்புற அறைக்கு மாற்றுங்கள். சாலைப்புறச் சன்னலை இரவில் மூடி, மறுபுறம் காற்றோட்டம் இருக்குமாறு பார்த்துக்கொள்ளுங்கள். காதில் பஞ்சு வைப்பது போதிய பாதுகாப்புத் தராது. தூக்கம் கெட்டால் மாத்திரையின் அளவை நீங்களாகவே கூட்டாமல் மருத்துவரிடம் தெரிவியுங்கள்.

தொல்லை தொடர்ந்தால் வாகன எண், நேரம், இடம் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு, காவல் நிலையத்திலோ வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலோ புகார் அளியுங்கள். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தின் மக்கள் குறைதீர்க்கும் நாளிலும் மனு அளிக்கலாம். வாகனத்தைத் துரத்திச் செல்வதும், ஓட்டுபவருடன் வாக்குவாதம் செய்வதும் வேண்டா.

எப்போது மருத்துவ உதவி பெற வேண்டும்?

காதில் இரைச்சல் நீடித்தாலோ, பிறர் பேச்சு தெளிவாகக் கேளாவிட்டாலோ காது, மூக்கு, தொண்டை மருத்துவரை அணுகுங்கள். திடீரெனக் காது கேளாமற்போனால், அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். தாமதித்தால் சிகிச்சையின் பலன் குறையும். நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ ஏற்பட்டால் உடனடியாக 108 ஆம்புலன்ஸை அழையுங்கள். மருத்துவ ஆலோசனைக்கு 104 என்ற எண்ணைத் தொடர்பு கொள்ளலாம்.