கணக்கு வரவில்லையா? முதல் மூன்று ஆண்டுகளில் பிள்ளைகள் கணிதம் கற்கும் விதம்

முதலாம் ஆண்டில் சேரும் பிள்ளை ஒன்று முதல் நூறு வரை மூச்சு விடாமல் ஒப்பித்தால் வீட்டில் எல்லாருக்கும் மகிழ்ச்சி. ஆனால் ஒப்பிப்பது வேறு, எண்ணுவது வேறு. மேசையில் பன்னிரண்டு புளியங்கொட்டைகளைப் போட்டு எண்ணச் சொன்னால், சில பிள்ளைகளின் விரல் ஒரு வேகத்திலும் வாய் இன்னொரு வேகத்திலும் ஓடும். ஒரு கொட்டையை இரண்டு முறை எண்ணுவார்கள், ஒன்றை விட்டுவிடுவார்கள். எண்ணி முடித்த பிறகு "மொத்தம் எத்தனை?" என்று கேட்டதும் மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்கும் பிள்ளைக்கு, கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் என்பது இன்னும் பிடிபடவில்லை. இது பிடிபடாமல் பயிற்சிப் புத்தகத்தைக் கையில் கொடுப்பதில் பயனில்லை.

2017-இல் சீரமைக்கப்பட்ட தொடக்கப்பள்ளிக் கலைத்திட்டத்தில் முதலாம் ஆண்டு மாணவர்கள் 100 வரையிலும், இரண்டாம் ஆண்டில் 1,000 வரையிலும், மூன்றாம் ஆண்டில் 10,000 வரையிலும் எண்களைக் கற்கிறார்கள். எண் பெரிதாவது அல்ல சிரமம், இடமதிப்புதான் சிரமம். 34-இல் உள்ள 3 மூன்று அல்ல, மூன்று பத்து என்பதை ஏழு வயதுப் பிள்ளை நம்ப வேண்டும்.

இதில் தமிழ் ஓரளவு உதவுகிறது. பதினொன்று, பதின்மூன்று, இருபத்தொன்று என்று சொல்லும்போதே பத்து உள்ளே ஒலிக்கிறது. ஆங்கிலத்தின் 'இலெவன்', 'டுவெல்வ்' அப்படியல்ல. ஆனால் ஒன்பதில் தமிழ் காலை வாரிவிடும். 90 'தொண்ணூறு', காதில் நூறு விழுகிறது. 900 'தொள்ளாயிரம்', காதில் ஆயிரம் விழுகிறது. தொள்ளாயிரம் என்றதும் 9,000 என்று எழுதும் பிள்ளை கவனக்குறைவாக எழுதவில்லை, கேட்டபடி எழுதுகிறது. மலாயில் 'டுவா பெலாஸ்', 'டுவா புலோ' இரண்டும் இப்படியே குழப்பும். வகுப்பில் தமிழ், கடையில் மலாய், டியூஷனில் ஆங்கிலம் என்று மூன்று மொழியில் எண்ணும் பிள்ளைகள் நம்முடையவர்கள். இருமொழித் திட்டத்தின் கீழ் கணிதத்தை ஆங்கிலத்தில் நடத்தும் பள்ளியானால், அங்கே எந்தச் சொல்லைப் பயன்படுத்துகிறார்கள் என்று ஆசிரியரிடம் கேட்டு, வீட்டில் அதையும் தமிழ்ச் சொல்லையும் சேர்த்தே சொல்வது நல்லது.

முதலில் பொருள், பிறகு படம், கடைசியில் குறி என்ற வரிசை 1960-களில் அமெரிக்க உளவியலாளர் ஜெரோம் புரூனர் எழுதியவற்றிலிருந்து வந்தது. சிங்கப்பூர் அதை 1980-களில் தன் கணிதப் பாடத்துக்கு அடித்தளமாக்கிக்கொண்டது. வீட்டில் பெரும்பாலும் நடப்பது தலைகீழ்: முதலிலேயே குறி.

42-இலிருந்து 17-ஐக் கழிக்கச் சொன்னால் 35 என்று எழுதும் பிள்ளைகள் ஏராளம். 2-இலிருந்து 7 போகாது, அதனால் 7-இலிருந்து 2-ஐக் கழித்துவிடுகிறார்கள். "கடன் வாங்கு" என்று அப்பா சத்தம் போடுவார். திருப்பிக் கொடுக்காத இந்தக் கடன் என்ன கடன் என்று பிள்ளைக்குப் புரியாது. ஐஸ்கிரீம் குச்சிகளைப் பத்துப் பத்தாக ரப்பர் வளையம் போட்டுக் கட்டி, நான்கு கட்டும் இரண்டு குச்சியும் எடுத்து வைக்கலாம். 17 எடுக்க வேண்டுமானால் ஒரு கட்டை அவிழ்க்கத்தான் வேண்டும். இப்போது மூன்று கட்டு, பன்னிரண்டு குச்சி. ஒரு கட்டும் ஏழு குச்சியும் போனால் மீதி 25. நாலைந்து நாள் கையால் அவிழ்த்துப் பார்த்த பிள்ளை, பிறகு தாளில் எழுதும்போது தடுமாறுவது குறையும்.

விரல் விட்டு எண்ணுவதைத் தடுக்க வேண்டியதில்லை. 8+5-க்கு முதலில் எல்லாவற்றையும் எண்ணுவார்கள். பிறகு எட்டிலிருந்து தொடர்ந்து எண்ணுவார்கள். பிறகு ஐந்தில் இரண்டைக் கொடுத்துப் பத்தாக்கி, மீதி மூன்றைச் சேர்ப்பார்கள். அந்தக் கட்டம் வந்ததும் விரல் தானாக மடங்கிவிடும். வாய்பாடு மனப்பாடமாக இருக்கத்தான் வேண்டும், அதில் சமரசம் இல்லை. ஆனால் 2, 5, 10 முதலில். 6×7 மறந்துபோனால், ஐந்து ஏழு 35, இன்னொரு ஏழு சேர்த்தால் 42 என்று தானே கண்டுபிடிக்கும் பிள்ளைக்குப் பிரம்பு தேவைப்படாது.

வீட்டில் கணக்குக்கு இடம் குறைந்துவருகிறது. பெற்றோர் கைப்பேசியைக் காட்டிப் பணம் செலுத்துவதால், பல பிள்ளைகள் சில்லறையைத் தொட்டே பார்ப்பதில்லை. 10 ரிங்கிட்டைக் கையில் கொடுத்து மளிகைக்கடைக்கு அழைத்துப்போனால் மீதி எவ்வளவு என்ற கேள்விக்கு அர்த்தம் வரும். 7.38 என்று வந்த பில்லுக்கு ஏன் 7.40 கேட்கிறார்கள் என்பதும் பாடம்தான். 2008 ஏப்ரல் முதல் மொத்தத் தொகையை அருகிலுள்ள 5 சென்னுக்குச் சரிசெய்கிறார்கள். பல்லாங்குழி, சொங்காக், தாயம் எல்லாமே எண்ணும் விளையாட்டுகள்.

பிரச்சனைக் கணக்கில் தடுக்குவது பல நேரம் மொழி. "ரவியிடம் 12 கோலி. அது மாலாவிடம் இருப்பதைவிட 4 அதிகம். மாலாவிடம் எத்தனை?" 'அதிகம்' என்ற சொல்லைப் பார்த்ததும் பிள்ளை கூட்டி 16 என்கிறது. இரண்டு பட்டைகளை, ஒன்று நீளம், ஒன்று குட்டை என்று வரையச் சொன்னால் 8 என்று கண்ணுக்கே தெரியும். விடை தவறானாலும் சரியானாலும் "எப்படிச் செய்தாய்?" என்று கேட்பது, சரி தவறு சொல்வதைவிடப் பலன் தரும். "எனக்கும் கணக்கு வராது" என்று பிள்ளையின் காதில் விழும்படி சொல்வதை மட்டும் தவிர்க்க வேண்டும்.

2019 முதல் முதலாம், இரண்டாம், மூன்றாம் ஆண்டுகளுக்குத் தேர்வு இல்லை. வகுப்புசார் மதிப்பீட்டில் 1 முதல் 6 வரை அடைவுநிலை தருகிறார்கள். மதிப்பெண் இல்லாததால் பிள்ளை பின்தங்குவது பல பெற்றோருக்குத் தாமதமாகவே தெரிகிறது. அடைவுநிலை 1 அல்லது 2 என்றால் ஆசிரியரை நேரில் பார்க்க வேண்டும். பள்ளிகளில் இதற்கென்றே குறைநீக்கல் வகுப்பு இருக்கிறது. அங்கே அனுப்பினால் பிள்ளையை மக்கு என்பார்களோ என்று அஞ்சிச் சில பெற்றோர் சம்மதிப்பதில்லை. சிறு கூட்டமாக வைத்து, தனிக் கவனத்துடன், கட்டணமின்றிச் சொல்லித் தரும் அந்த வகுப்பை மறுத்துவிட்டு, முப்பது பேர் உட்காரும் டியூஷனுக்குப் பணம் கட்டுகிறார்கள். சம்மதம் சொல்வதற்கு இரண்டாம் ஆண்டு சரியான நேரம். நான்காம் ஆண்டில் பின்னமும் பெரிய எண்களும் வந்து குவிந்த பிறகு அதே வேலைக்கு இரட்டிப்பு உழைப்பு வேண்டும். அதற்கு முன் பிள்ளையின் கண்ணையும் காதையும் ஒரு முறை கிளினிக்கில் காட்டிப் பார்த்துவிடலாம்.