மதுரை நாட்டு நரி: ஒரு பெயர், இரண்டு விலங்குகள்

மதுரை மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலின் ஆவணி மூலத் திருவிழாவில் நரியைப் பரியாக்கிய லீலை ஆண்டுதோறும் நடைபெறுகிறது. வைகையின் வடபுறத்தில், இன்று நகரத்தின் நெரிசலான பகுதிகளில் ஒன்றாகிவிட்ட ஓரிடத்தின் பெயர் நரிமேடு. எதிர்பாராத நன்மை ஒன்று கிடைத்தவரைப் பார்த்து, "இன்றைக்கு நரி முகத்தில் விழித்தாயா?" என்று கேட்பதும் பழைய வழக்கம். இப்படிக் கோயிலிலும் ஊர்ப்பெயரிலும் பேச்சிலும் இடம்பெற்ற இந்த நரி எது என்ற கேள்விக்கு ஒரே விடை இல்லை. தமிழில் நரி என்ற ஒரு சொல் இரண்டு வெவ்வேறு விலங்குகளைச் சுமந்து வந்திருக்கிறது.

முதலாவது, மாலையில் கூட்டாக ஊளையிடும் நரி. 1758இல் லின்னேயசு இதற்குக் கேனிசு ஆரியசு என்று பெயரிட்டார். நாய், ஓநாய் ஆகியவற்றின் பேரினத்தைச் சேர்ந்தது. நாட்டு நாயை ஒத்த உருவமும் ஏறத்தாழ 8 முதல் 11 கிலோ எடையும் கொண்டது. இரண்டாவது, வல்ப்பசு பெங்காலென்சிசு எனப்படும் இந்தியக் குள்ளநரி. எடை 2 முதல் 4 கிலோதான். பூனையைவிடச் சற்றே பெரிது. பெரிய காதும் மெலிந்த காலும் கருநுனி கொண்ட அடர்ந்த வாலும் இதன் அடையாளங்கள். திறந்த வெளியில் பல வாயில்கள் கொண்ட வளை தோண்டி வாழும். கறையான், வண்டு, எலி, நண்டு, இலந்தைப் பழம் ஆகியவை இதன் உணவு. சேலம் பகுதியில் இதை வங்காநரி என்பர். வங்கு என்பது வளையைக் குறிக்கும் தமிழ்ச் சொல் ஆதலால், வங்கில் வாழும் நரி என்று அப்பெயருக்குப் பொருள் கொள்வது பொருத்தமாகவே தோன்றுகிறது. குழப்பம் என்னவென்றால், குள்ளநரி என்ற பெயரைப் பல நூல்கள் பெரிய நரிக்கும் சூட்டிவிட்டன. ஆகவே இக்கட்டுரையில் பெரியதை நரி என்றும் சிறியதை வங்காநரி என்றும் குறிப்பிடலாம்.

பழைய இலக்கியம் இந்தப் பிரிவைப் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை. தொல்காப்பிய மரபியல், நாய்க்கும் பன்றிக்கும் வழங்கும் இளமைப் பெயரான குருளையையும் பெண்பாற் பெயரான பாட்டியையும் நரிக்கும் உரியதாக்குகிறது. சங்கப் புறப்பாடல்களில் நரி பெரும்பாலும் சுடுகாட்டிலும் போர்க்களத்திலும் பிணத்தின் அருகில் வருகிறது. அது பெரிய நரிதான். பூச்சி தின்னும் வங்காநரிக்குப் போர்க்களத்தில் பெரிய வேலையில்லை.

திருவிளையாடல் கதைக்கு வருவோம். குதிரை வாங்கப் பாண்டியன் கொடுத்த பொருளைத் திருப்பெருந்துறையில் இறைபணிக்குச் செலவிட்டுவிட்டார் திருவாதவூரர். ஆவணி மூலத்தன்று குதிரைகள் வரும் என்ற இறைவாக்கின்படி, காட்டு நரிகள் குதிரைகளாகி மதுரைக்குள் நுழைந்தன. சிவனே குதிரை வணிகராக வந்து கயிறு மாற்றிக் கொடுத்தார். அன்றிரவே அவை நரிகளாக மாறி, இலாயத்தில் இருந்த பழைய குதிரைகளைக் கடித்துக் குதறிவிட்டு, தெருவெல்லாம் ஊளையிட்டு ஓடின. பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் நரி பரியானது 59ஆம் படலம், பரி நரியானது 60ஆம் படலம். கூட்டமாக வருவதும் ஊளையிடுவதும் பெரிய விலங்கின் இறைச்சியைத் தின்பதும் பெரிய நரியின் குணங்கள். கதை சொன்னவர்கள் விலங்கை அறிந்தே சொல்லியிருக்கிறார்கள்.

இக்கதை வாதவூரரைவிடப் பழையதாக இருக்கக்கூடும். 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அப்பர் தம் தேவாரத்திலேயே சிவன் நரியைக் குதிரையாக்கியதைக் குறிப்பிடுகிறார். இதைக் கொண்டு மாணிக்கவாசகர் அப்பருக்கு முந்தியவர் என்று வாதிட்டோர் உண்டு. முன்பே வழங்கிய சிவலீலை ஒன்று பின்னர் 9ஆம் நூற்றாண்டு அடிகளின் வரலாற்றோடு இணைந்தது என்போரும் உண்டு. மாணிக்கவாசகரும் திருவாசகத்தில் அந்த லீலையைப் பாடுகிறார். ஆனால் அதைப் பாடியதாலேயே அது அவர் வாழ்வில் நிகழ்ந்தது என்று கொள்ள வேண்டியதில்லை. இரண்டாவது கருத்தே வலுவானது என்று தோன்றுகிறது.

கதை இத்தனை காலம் மதுரையில் வேரூன்றி நின்றதற்குக் குதிரை வணிகமும் ஒரு காரணமாக இருக்கலாம். பாண்டிய நாட்டில் நல்ல குதிரை பிறப்பதில்லை. கடல் வழியாகவே வந்தது. 13ஆம் நூற்றாண்டின் இறுதி நிலையைப் பாரசீக வரலாற்றாசிரியர் வசாப் எழுதியிருக்கிறார். ஆண்டுக்கு 1,400 குதிரைகள் தர ஒப்பந்தம். குதிரை ஒன்றுக்கு 220 பொன் தினார். வழியில் இறந்துபோனவற்றுக்கும் கருவூலமே விலை தர வேண்டும். இங்கே குதிரைகளுக்குப் பாலும் நெய்யும் வறுத்த தானியமும் கொடுத்துக் கெடுத்தார்கள் என்றும் அவர் குறை கூறுகிறார். அதே காலத்தில் வந்த மார்க்கோ போலோ, அரசர் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு 2,000க்கு மேற்பட்ட குதிரைகளை வாங்கினாலும் ஆண்டு முடிவில் நூறுகூட எஞ்சுவதில்லை என்கிறார். பயணிகளின் கணக்கில் மிகை இருக்கும். ஆயினும் கருவூலம் காலியாவதும் இலாயம் காலியாவதும் ஒருசேர நடந்த நாட்டில், இரவில் குதிரை மறைந்து விடியலில் நரி ஊளை கேட்பது வெறும் அதிசயக் கதையாக மட்டும் ஒலித்திருக்காது. இறந்த குதிரைகளை இழுத்துப் போட்ட இடத்தில் நரி வராமலா இருந்திருக்கும்?

பெயர்க் குழப்பம் தமிழருக்கு மட்டும் உரியதன்று. 19ஆம் நூற்றாண்டில் ஊட்டியில் ஆங்கிலேயர் தம் நாட்டு நரிவேட்டையை அப்படியே நடத்தினார்கள். வேட்டை நாய்களும் சிவப்புச் சட்டையும் இருந்தன. அங்கே துரத்தப்பட்டதோ அவர்கள் ஊர் நரியன்று, நம் ஊளையிடும் நரி. மறுபக்கம், ஈசாப்புக் கதைகளின் ஐரோப்பிய நரி நம் பள்ளிப் பாடங்களுக்குள் நுழைந்து, பஞ்சதந்திரத்தின் கரடக தமனக நரிகளோடு கலந்துவிட்டது. வடை தூக்கிய காக்கையை ஏமாற்றிய நரி எது என்று எந்தப் பிள்ளையும் கேட்டதில்லை.

நிலத்தில் இவ்விரண்டின் விதியும் வேறு. சமயநல்லூர் நின்று பார்க்க ஏற்ற இடம். மதுரை–திண்டுக்கல் சாலையில் அமைந்த இவ்வூருக்கு ஒரு பக்கம் வைகையும் அதற்கப்பால் நாகமலையும். வடக்கே தொலைவில் சிறுமலை. இடைப்பட்ட சமவெளி ஒருகாலத்தில் பெரும்பாலும் மானாவாரி நிலமும் மேய்ச்சல் தரையும் கண்மாய்களுமாக இருந்தது. 1895இல் முல்லைப் பெரியாறு அணையின் நீர் வைகைக்குத் திருப்பப்பட்ட பின், சோழவந்தான், வாடிப்பட்டி, மேலூர்ப் பக்கங்களில் நஞ்சை பெருகியது. நெல், வாழை, கரும்பு வந்தன. கரும்பு நரிக்குப் பிடித்த உணவு. தோட்டத்துக்குள் ஒளிந்துகொள்ளவும் வசதி. சீமைக்கருவேலம் பரவியதும் அதற்கு மறைவிடம் தந்தது. வங்காநரிக்கு இவை எதுவும் உதவாது. அதற்கு வேண்டியது குட்டைப் புல்லும் வெட்டவெளியும் வளை தோண்ட ஏற்ற மேட்டு மண்ணும். அந்த நிலத்தைத்தான் நாம் தரிசு என்று கணக்கெழுதி, மனையாகவும் சாலையாகவும் குவாரியாகவும் மாற்றினோம்.

தெருநாய் இன்னொரு தொல்லை. மகாராட்டிரத்தின் நன்னஜ் புல்வெளியில் நடந்த ஆய்வில், நாய் அருகில் இருந்தால் வங்காநரிகள் இரை தேடுவதைக் குறைத்துக்கொண்டது தெரியவந்தது. வெறிநோயும் நாய்களின் கொள்ளைநோயும் அவ்வழியே தொற்றும்.

மனிதரின் நம்பிக்கை இரண்டையும் விடவில்லை. நரிக்கொம்பு என்று விற்கப்படும் தாயத்துப் பொருளுக்காக நரிகள் கொல்லப்பட்டன. நரிக்குக் கொம்பு முளைப்பதில்லை. சேலம் மாவட்டம் வாழப்பாடி வட்டாரத்தில் பொங்கலையொட்டி வங்காநரியை வலைவைத்துப் பிடித்து, வாயைக் கட்டி, ஊர்வலமாகக் கோயிலுக்குக் கொண்டுசென்று, அதன் முகத்தில் விழித்து, பிறகு காட்டில் விடும் வழக்கம் உண்டு. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி இது குற்றம். வனத்துறை அபராதம் விதித்தும் வருகிறது. கொல்வதில்லை, கும்பிட்டு விடுகிறோம் என்பது ஊரார் வாதம். ஆனால் வங்காநரிகள் இணைசேர்வது பெரும்பாலும் டிசம்பர், ஜனவரி மாதங்களில். சினைக்காலம் ஏறத்தாழ 50 நாட்கள். குட்டிகள் பிப்ரவரி முதல் ஏப்ரலுக்குள் பிறக்கும். தைப் பொங்கலன்று வலையில் விழுவது சினையுற்ற பெண் நரியாகவும் இருக்கலாம்.