கச்சேரி முடிந்ததும் காதில் 'கொய்ங்' சத்தமா? உள்காதில் நடப்பது இதுதான்!

இசை நிகழ்ச்சிக்கோ, காலேஜ் டிஜே நைட்டுக்கோ போய்விட்டு வீடு திரும்பும்போது காதில் 'கொய்ங்' என்று ஒரு சத்தம் கேட்கும். பக்கத்தில் இருப்பவர் பேசுவதுகூட பஞ்சு அடைத்தது போல மங்கலாகக் கேட்கும். தூங்கி எழுந்தால் பெரும்பாலும் சரியாகிவிடும் என்பதால் யாரும் இதைக் கண்டுகொள்வதில்லை.

உண்மையில் அது காது கொடுக்கும் எச்சரிக்கை. நத்தை ஓடு போலச் சுருண்டிருக்கும் உள்காதில் ஆயிரக்கணக்கான மயிர்ச் செல்கள் இருக்கின்றன. ஒலி அதிர்வை நரம்புக்குப் புரியும் சிக்னலாக மாற்றுவது இவைதான். அதிக சத்தத்தில் இவை களைத்துப்போகும். ஓய்வு கொடுத்தால் ஓரளவு தேறும். அளவு மீறினால் செத்துவிடும். செத்த செல் மனிதர்களுக்குத் திரும்ப வளராது.

எவ்வளவு சத்தம் ஓகே?

80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 90 டெசிபல் என்றால் 4 மணி நேரம்தான். 100 டெசிபல் என்றால் வெறும் 20 நிமிடம்! காரணம், 3 டெசிபல் கூடினாலே ஒலியின் ஆற்றல் இரண்டு மடங்காகிவிடும். பெரிய ஸ்பீக்கர் முன்னால் 100 டெசிபல் எல்லாம் சர்வ சாதாரணம். மூணு மணி நேரக் கச்சேரி என்றால் கணக்கு நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

அப்போ கச்சேரிக்கே போகக்கூடாதா?

தாராளமாகப் போகலாம், ஸ்பீக்கரை விட்டுத் தள்ளி நில்லுங்கள். திறந்தவெளியில் தூரம் இரண்டு மடங்கானால் சத்தம் சுமார் 6 டெசிபல் வரை குறையும். அதாவது நாலு மடங்கு நேரம் கூடுதலாகக் கேட்கலாம். காசு செலவில்லாத வழி இது. காதில் பஞ்சு வைப்பதால் பெரிய பயன் இல்லை. மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் ஃபோம் இயர்பிளக் எவ்வளவோ மேல். பாட்டின் துல்லியம் குறையக்கூடாது என்பவர்களுக்கு இசைக்கலைஞர்கள் பயன்படுத்தும் இயர்பிளக்குகள் இருக்கின்றன. குழந்தைகளைத் தூக்கிப் போகிறவர்கள் இயர்மஃப் இல்லாமல் போகாதீர்கள்.

இயர்போனில் ஆபத்து வேறு மாதிரி. பஸ் இரைச்சலை அமுக்க நாம் வால்யூமை ஏற்றிக்கொண்டே போவோம். நாய்ஸ் கேன்சலிங் இருந்தால் அந்தத் தேவை குறையும். வால்யூம் 60 சதவீதத்தைத் தாண்டாமல் இருப்பது நல்லது.

'கொய்ங்' சத்தம் ஓரிரு நாளில் நிற்கவில்லை என்றால் காது, மூக்கு, தொண்டை மருத்துவரைப் பாருங்கள். திடீரென ஒரு காது கேட்காமல் போனால் அன்றைக்கே போய்விட வேண்டும். எண்ணெய் ஊற்றிக் காத்திருக்காதீர்கள். அதற்கான ஸ்டீராய்டு சிகிச்சையை முதல் சில நாட்களுக்குள் தொடங்கினால்தான் பலன் அதிகம்.