வீட்டுக் குடிநீர்க் கசிவைக் காட்டித்தரும் ஸ்மார்ட் மீட்டர்கள்

புது தில்லி: தில்லியில் மீட்டர் பொருத்திய வீடுகளுக்கு மாதம் 20,000 லிட்டர் குடிநீரை இலவசமாக வழங்கும் திட்டம் 2015 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. வரம்பைத் தாண்டினால், பயன்படுத்திய நீர் முழுவதற்கும் கட்டணம் செலுத்த வேண்டும்.

நிமிடத்துக்கு 200 மில்லிலிட்டர் கசிந்தால், 30 நாள்களில் 8,640 லிட்டர் வீணாகும். மாதம் 15,000 லிட்டர் பயன்படுத்தும் குடும்பத்தை இக்கசிவே வரம்பைத் தாண்டச் செய்துவிடும்.

ஸ்மார்ட் மீட்டர்கள் நீர்ப் பயன்பாட்டு அளவைக் குறித்த இடைவெளிகளில் ரேடியோ அலை வழியாகக் குடிநீர் வாரியத்துக்கு அனுப்புகின்றன. 24 மணி நேரமும் குடிநீர் வரும் பகுதிகளில், அனைவரும் உறங்கும் நள்ளிரவிலும் நீரோட்டம் நிற்காவிடில் அது கசிவின் அறிகுறியாகும். குறித்த நேரத்தில் மட்டும் குடிநீர் வரும் பகுதிகளில் இம்முறை முழுமையாகப் பயனளிக்காது. அங்கு மேல்நிலைத் தொட்டியின் நீர்மட்டத்தை இரவிலும் காலையிலும் ஒப்பிட்டுக் கசிவை அறியலாம்.