மேஜர் வீட்டுப் பெயர்கள்

நன்னிலம் பக்கத்திலிருந்து வந்த மிகப் பிரபலமான ராணுவ அதிகாரி எந்தப் போரிலும் சண்டையிட்டதில்லை, ஒரு மாதம்கூடப் பென்ஷன் வாங்கியதில்லை. 'மேஜர் சந்திரகாந்த்' என்ற அந்த ஓய்வுபெற்ற மேஜரை நாடக மேடையில் உருவாக்கியவர், நன்னிலத்தை ஒட்டிய நல்லமாங்குடியில் 1930 ஜூலை 9 அன்று பிறந்த கே. பாலசந்தர்.

அவர் பிள்ளையாக இருந்த காலத்தில் தஞ்சை ஜில்லா கிராமங்களில் காக்கி உடுப்பு அன்றாடக் காட்சி அல்ல. கிராம முன்சீப்பும் தலையாரியுமே ஊர்க்காவலுக்குப் பொறுப்பு. முன்சீப்புக்குப் போலீஸ் அதிகாரம் கொடுத்தது கும்பினியாரின் 1816-ஆம் ஆண்டுச் சட்டம். அந்தப் பதவியே 1980-ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில்தான் ஒழிந்தது. வெட்டு, குத்து என்று போனால்தான் ஸ்டேஷனிலிருந்து ஏட்டையா வருவார். பட்டாளத்துக்காரரோ லீவுக்கு லீவு தகரப் பெட்டியோடு ரயிலிலிருந்து இறங்குகிறவர். அவர் வேலையை விட்டு வந்த பிறகும் ஊர் அவர் பெயரை மறந்து 'மிலிட்டரிக்காரர்' என்றே கூப்பிடும்.

பாலசந்தர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் படித்தார். முத்துப்பேட்டையில் கொஞ்ச காலம் வாத்தியார் வேலை. 1950-ல் சென்னையில் ஏஜீஸ் ஆபீஸ் என்கிற அக்கவுண்டன்ட் ஜெனரல் அலுவலகத்தில் குமாஸ்தா ஆனார். பகலில் அரசாங்கக் கணக்கு, சாயங்காலம் ஒத்திகை என்று இருந்த அந்தக் கால ஆபீஸ் நாடகக்காரர்களில் அவரும் ஒருவர். 'மேஜர் சந்திரகாந்த்' முதலில் ஏஜீஸ் ஆபீஸ் மேடைக்காக ஆங்கிலத்தில்தான் எழுதப்பட்டது. பிறகு அவருடைய ராகினி ரிக்ரியேஷன்ஸ் குழு அதைத் தமிழில் சபாக்களுக்குக் கொண்டுபோனது.

ராணுவ உடுப்புக்குத் தமிழ்நாட்டில் புது மவுசு வந்திருந்த நேரம் அது. 1962 சீனப் போரில் பட்ட அடிக்குப் பிறகு, அவசரமாக அதிகாரிகளைத் தயார் செய்ய 1963 ஜனவரியில் சென்னைப் பரங்கிமலையில் ஒரு பயிற்சிப் பள்ளியே திறந்தார்கள். அதுவரை செய்திப்படத்தில் பார்த்த லெப்டினன்ட்டும் கேப்டனும் மவுண்ட் ரோட்டில் நடமாடத் தொடங்கினார்கள்.

நாடகத்தின் பலம் அதன் வீட்டில் இருக்கிறது. அப்பா சந்திரகாந்த், பார்வை போன ஓய்வுபெற்ற மேஜர். ஒரு மகன் ஸ்ரீகாந்த், போலீஸ் அதிகாரி. இன்னொரு மகன் ரஜினிகாந்த், ஒரு பெண்ணைக் காதலித்துக் கைவிடுகிறான். அவள் உயிரை விடுகிறாள். அவளுடைய அண்ணன், தையற்காரன் மோகன், ரஜினிகாந்தைக் கொன்றுவிட்டு ஓடி வந்து நுழைவது செத்தவனின் வீட்டிலேயே. தங்கைக்காகக் கொலை செய்தவன் என்று கேட்டு மேஜர் மனம் இளகி அடைக்கலம் கொடுக்கிறார். கொலையுண்டவன் தன் மகன் என்பது அப்போது அவருக்குத் தெரியாது. கொலைகாரனைத் தேடிக்கொண்டிருப்பவனோ போலீஸ் மகன் ஸ்ரீகாந்த்.

பார்வையற்றவராக மேஜரைப் படைத்தது வெறும் அனுதாபத்துக்காக அல்ல என்றே தோன்றுகிறது. சபா மேடைக்குச் செலவில்லாமல் கிடைத்த உத்தி அது. ஒரே கூடத்தில் மூன்று பேரை நிறுத்திவிட்டால் போதும். அவர் காணாததை அரங்கம் முழுக்கக் கண்டுகொண்டிருக்கும். முடிவில் கொலைகாரனோடு மேஜரும் சட்டத்துக்குக் கட்டுப்பட வேண்டியதாகிறது. அன்றைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 212-ஆம் பிரிவு, குற்றவாளிக்கு இடம் கொடுத்ததற்காகக் கணவன், மனைவியை மட்டும்தான் விட்டுவைத்தது. மற்றவர்கள் யாராக இருந்தாலும், என்ன பதக்கம் வாங்கியிருந்தாலும், தப்ப முடியாது.

1966-ல் ஏ.வி.எம். இதைப் படமாக்கியபோது பாலசந்தரே இயக்கினார். சிரிக்க வைத்தே பழகிய நாகேஷ் மோகனாக வந்து அழ வைத்தார். தங்கையாக வந்தவர் ஜெயலலிதா. ஏமாற்றப்பட்டு, எங்கும் போய் முறையிட முடியாமல் மாய்ந்த பெண்ணாக அன்று நடித்தவர், 1992-ல் முதலமைச்சராக இருந்தபோது தமிழ்நாட்டின் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் சென்னை ஆயிரம் விளக்கில் திறக்கப்பட்டது. பாலசந்தரே எழுதியிருந்தாலும் மிகையென்று வெட்டியிருப்பார்!

மேஜராக மேடையிலும் திரையிலும் நின்றவர் பெரியகுளத்துக்காரரான சுந்தரராஜன். டெலிபோன் இலாகாவில் வேலை பார்த்தவர். அந்த வேடத்துக்குப் பிறகு மேஜர் பட்டம் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. 2003-ல் அவர் மறையும் வரை உதிரவேயில்லை. அப்பா, நீதிபதி, போலீஸ் உயரதிகாரி என்று எந்த வேடத்துக்குப் போனாலும் டைட்டிலில் மேஜர்தான். வசனத்தை ஆங்கிலத்தில் சொல்லி, உடனே தமிழிலும் சொல்லும் அவர் பாணியை மிமிக்ரிக்காரர்கள் இன்றும் விடவில்லை. ஆங்கிலத்தில் தொடங்கித் தமிழுக்கு வந்த நாடகத்தின் நாயகனுக்கு அது பொருத்தம்தான்.

தமிழ்ப் படத்துக்கு ஓராண்டு முன்பே, 1965-ல், கதை இந்திக்குப் போய் 'ஊஞ்சே லோக்' ஆனது. அசோக் குமார் மேஜர், ராஜ் குமார் இன்ஸ்பெக்டர், பெரோஸ் கான் தவறு செய்யும் மகன். 1993-ல் என்.டி.ராமாராவ் நடித்த தெலுங்குப் படத்துக்கும் 'மேஜர் சந்திரகாந்த்' என்றே பெயர். கதை வேறு, ஆனாலும் ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரிக்கு அந்தப் பெயர்தான் எடுப்பாக இருந்திருக்கிறது.

இந்த வீட்டுப் பெயர்களில் அதிக தூரம் போனது செத்த பிள்ளையின் பெயர். 1975-ல் பெங்களூரிலிருந்து வந்த சிவாஜி ராவ் என்ற இளைஞருக்கு, 'அபூர்வ ராகங்கள்' படத்துக்காகப் பாலசந்தர் தன் பழைய நாடகத்திலிருந்து 'ரஜினிகாந்த்' என்ற பெயரை எடுத்துக் கொடுத்தார். அதே படத்தில் மேஜர் சுந்தரராஜனும் இருந்தார். சிவாஜி ராவின் தகப்பனார் ராமோஜி ராவ் நாடகப் போலீஸ் அல்ல, பெங்களூரில் நிஜமாகவே கான்ஸ்டபிளாக வேலை பார்த்தவர். 1982-ல் வெளிவந்த 'மூன்று முகம்' படத்தில் மகனும் அலெக்ஸ் பாண்டியன் என்ற போலீஸ் அதிகாரியாகக் காக்கி மாட்டிக்கொண்டார்.