ருஃபைதா (ரலி) அவர்களின் கூடாரம்

ஹிஜ்ரி 5ஆம் ஆண்டு (கி.பி. 627) அகழ்ப்போரில் அவ்ஸ் கோத்திரத் தலைவர் ஸஅத் இப்னு முஆத் (ரலி) அவர்களின் கை நரம்பில் அம்பு பாய்ந்தது. மஸ்ஜிதுந் நபவீயிலேயே அவர்களைத் தங்கவைக்க நபி (ஸல்) அவர்கள் ஏற்பாடு செய்தார்கள். அருகிலிருந்து நலம் விசாரிப்பதே அதன் நோக்கம்.

அங்கே கூடாரமிட்டுப் பணிவிடை செய்தவர்கள் அஸ்லம் குலத்து ருஃபைதா (ரலி). அவர்களைப் பற்றி இப்னு இஸ்ஹாக் (ரஹ்) இரண்டு செய்திகளைத் தருகிறார்கள்: காயமுற்றோருக்கு மருந்திட்டார்கள், கவனிப்பாரற்ற முஸ்லிம்களுக்கு இறைவனின் நற்கூலியை நாடி ஊழியம் செய்தார்கள்.

முதற்செய்தியை மேடைதோறும் பேசுகிறோம், இரண்டாவதை மறந்துவிடுகிறோம். ஊரையும் உறவையும் துறந்து வந்த முஹாஜிர்கள் வாழ்ந்த மதீனாவில், மருந்தோடு ஆதரவும் தேவைப்பட்டது. பசியும் தனிமையும் இருக்குமிடத்தில் புண் எளிதில் ஆறுவதில்லை.

இன்று மருத்துவமனையில் ஒரு செவிலியர், "வீட்டில் கவனித்துக்கொள்ள யார் இருக்கிறார்கள்? மாத்திரை வாங்க வசதி உண்டா?" என்று வினவினால், அதை வீண் விசாரணை என எண்ணாதீர்கள். உண்மையைச் சொல்லுங்கள். அந்தக் கேள்வி ருஃபைதா (ரலி) அவர்களின் கூடாரத்து மரபைச் சேர்ந்தது.

ஆனால், அதற்கான பதிலைச் செவிலியரால் மட்டும் தர இயலாது. நம் மஹல்லாவில் கவனிப்பாரின்றிப் படுத்திருப்பவர் யார்? இந்த ஜும்ஆவுக்குள் அவரது கதவைத் தட்டுவோம். அல்லாஹ் அருள்புரிவானாக!